நனைந்த நாடா

சுற்றியுள்ள கிணறுகள் வற்றியிருந்தால் ஊருக்குப் பக்கத்தில் வரும் டேட்டா சென்டர் தன் கம்ப்யூட்டர்களைக் குளிர்விக்க நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்பது அரசு போட்ட விதி. அளக்க வந்த அதிகாரி செங்கமலம் வீட்டுக் கிணற்றில் இரும்புக் குண்டு கட்டிய நாடாவை இறக்கினார். நுனி நனைந்து ஏறியது. "தண்ணி இருக்கும்மா" என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வீடு திரும்பி இதைக் கேட்ட கணவன் வேலாண்டியால் நம்ப முடியவில்லை. "மூணு மாசமா காஞ்சு கெடக்கே, புள்ள?"

"வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி வெறுங்குடத்தையே வைக்க மாட்டோம், வெறுங்கிணத்தையா காட்டுறது? லாரித் தண்ணியில நாலு குடம் ஊத்தி வச்சேன்."

வேலாண்டி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். நாலு குடத்தையும் மண் குடித்திருந்தது. சேற்றில் குண்டு பதிந்த குழி மட்டும் தெரிந்தது.