கடைசிக் காணிக்குத் தண்ணீர்

“காலமை ஆறு மணிக்குக் குளத்துத் துருசைத் திறந்து தண்ணி விட்டவங்கள். என்ரை காணி வாய்க்காலிலை கடைசி. அங்கை தண்ணி வந்துசேர மத்தியானமாகும். அந்த நீர்ப்பாசனக் கந்தோர்க்காரன் எட்டு மணிக்கு வந்து, வரம்பிலை நிண்டு பாத்திட்டு, ‘தண்ணி ஏறாத மேட்டுக் காணி’ எண்டு எழுதிக்கொண்டு போட்டான். இது நியாயமோ, சொல்லுங்கோ பாப்பம்?”

தலைமை வாத்தியார் சிற்றம்பலம் அந்தக் கிழமை முழுக்க, எதிர்ப்பட்ட எல்லாரிடமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அகப்பட்டவள் நாகேஸ்வரி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருடம். அதே வாய்க்காலில் அவளுடையது ஐந்தாவது காணி.

“நியாயமில்லைத்தான், ஐயா,” என்றாள். ஆனால் அவள் வந்தது மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க.

மகள் விமலேஸ்வரிக்கு எட்டு வயது. காட்டிய கதிரையில் இருக்காமல் யன்னலடியில் நின்று, அதன் சட்டத்தை ஒரே விரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தாள். பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. நடந்துபோகும் தூரத்தில் மிஞ்சியது இந்த ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

“வாய் திறக்காத பிள்ளையை நான் எப்பிடிச் சோதிக்கிறது, நாகேஸ்வரி?”

அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். மடியிலிருந்த சிறு பொட்டலத்தை மேசையில் அவிழ்த்தாள். புளியங்கொட்டைகள்.

“எண்ணிக் காட்டக்கூடிய கேள்வியாக் கேளுங்கோ ஐயா. வைச்சுக் காட்டுவாள். விளங்காத பிள்ளை இல்லை. ஆட்டை அவிட்டுக்கொண்டு வா எண்டால் பேசாமல் நிப்பாள். நான் அதை மறந்து குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிக்கேக்கை பாத்தால், ஆடு முற்றத்திலை நிக்கும்.”

“அது ஆடு தானா வந்திருக்கும்,” என்றார் சிற்றம்பலம்.

பொல்லாத மனிதர் அல்ல அவர். ஆளுக்கொரு நியாயம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஒரு கேள்விக்கு அரை நிமிசம். எல்லாப் பிள்ளையளுக்கும் அதுதான். உங்கடை பிள்ளைக்கெண்டு கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

நாகேஸ்வரி மகளை மேசையடிக்குக் கூட்டிவந்தாள்.

“மாட்டுக்கு எத்தனை கால்?”

விமலேஸ்வரி புளியங்கொட்டையைத் தொடவே இல்லை. அரை நிமிடம் முடிந்தது. வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.

“கிழமைக்கு எத்தனை நாள்?”

இந்தமுறை கை நீண்டது. ஒவ்வொன்றாக நாலு கொட்டை வைத்தாள்.

“கிழமைக்கு நாலே நாள் எண்டால் வாத்திமாருக்கு நல்லாத்தான் இருக்கும்,” என்று சிரித்து, நாலு என்று எழுதினார். “காகத்துக்கு எத்தனை கால்?”

ஏழு கொட்டை. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாகேஸ்வரி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு மகளின் விரல்களையே பார்த்திருந்தாள்.

“ஒரு கையிலை எத்தனை விரல்?”

இரண்டு.

“பத்திலை ஒண்டு போனால்?”

ஐந்து.

சிற்றம்பலத்துக்கே பாவமாகிவிட்டது. தினமும் கண்ணில் படுகிற ஒன்றைக் கேட்டாலாவது சொல்லுவாளோ என்று பார்த்தார்.

“சரி, கடைசியா ஒண்டு. எங்கடை வாய்க்காலிலை மொத்தம் எத்தனை காணி?”

விமலேஸ்வரி ஒன்பது கொட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

“பன்னிரண்டிலை மூண்டைக் காணேல்லை. அந்தக் கந்தோர்க்காரனைப்போல இவளும் என்ரை காணியை விட்டிட்டாள்.” கொட்டைகளைக் கூட்டிப் பொட்டலத்தில் போட்டார். “கோவிக்காதேங்கோ, நாகேஸ்வரி. ஆறிலை ஒண்டும் சரியில்லை.”

தாளின் அடியில், ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“இனி எங்கை ஐயா கொண்டுபோறது?” என்றாள் நாகேஸ்வரி. அவர் மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். பொட்டலத்தை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

வாசல் படலை வரை போயிருப்பார்கள். விமலேஸ்வரி கையை உதறிக்கொண்டு திரும்பி நடந்தாள். நேரே மேசையடிக்கு வந்தாள். வாத்தியாரைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை அவிழ்த்து, கொட்டைகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தாள். எண்ண வேண்டும் என்று நினைக்காமலே சிற்றம்பலம் எண்ணினார். பத்து. பதினொன்று. சற்றுத் தள்ளி, மேசையின் ஓரத்தில், பன்னிரண்டாவது.

அவர் தாளைத் திரும்ப எடுத்தார். வலப்பக்கத்து விடைகளில் விரலை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு வரி மேலே ஏற்றிப் படித்தார். மாட்டுக்கு நாலு கால். கிழமைக்கு ஏழு நாள். காகத்துக்கு இரண்டு. ஒரு கைக்கு ஐந்து. பத்தில் ஒன்று போனால் ஒன்பது.

தண்ணீர் எல்லாம் வந்துதான் இருந்தது. கந்தோர்க்காரனைப்போல எட்டு மணிக்கே எழுதிக் கையெழுத்து வைத்தவர் அவர்தான்.