ஜன்னலோர இடம்

பெட்டியின் மூடியைத் திறந்ததுமே பெரியவர் பாவாடைக்கு வியர்த்துக் கொட்டியது. பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன்கூட அப்படித் தவித்திருக்க மாட்டான். ஒரு கை, இடுப்பு மடியைப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

“பயப்படாதீங்க பெரியவரே. தேறுமா, காயலாங்கடைக்கான்னு பார்த்துச் சொல்லிடறேன்,” என்றார் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் வியாகுலம்.

அது பாவாடை தன் கல்யாணத்தின்போது வாங்கிய ரெக்கார்டு பிளேயர். பரணில் அது தின்று வைத்திருந்த தூசியில் ஒரு ஏக்கர் மரவள்ளி போடலாம்.

“ஓடினா ஹால்ல ஜன்னலோரமா வெச்சிடலாம். வர்றவன்லாம் அசந்துடுவான்,” என்று மகன் இளவரசன் முந்தின நாள் சொன்னதிலிருந்து பெரியவருக்குத் தூக்கமில்லை. ஜன்னலோரத்தில் கிடப்பது அவர் கட்டில்.

“அட, மோட்டார் சுத்துது!” என்றார் வியாகுலம். பாவாடையின் முகம் சுருங்கியது. “ஊசி கூட நல்லாக்கீது!” முகம் சுண்டைக்காய் ஆனது.

“ரெடி பண்ணிக் குடுங்கண்ணே,” என்றாள் மருமகள் மணிமொழி. “ஆனா எங்க மாமாவைத் தவிர யாருக்கும் இதைத் தொடத் தெரியாது. ஊசியை எடுத்து வெக்கவே எனக்குக் கை நடுங்கும்.”

வியாகுலம் தட்டைத் தூக்கினார். உதட்டைப் பிதுக்கினார். “தட்டைச் சுத்தி வுடற ரப்பர் வீலைக் காணோமே. இது இல்லாம மோட்டார் மட்டும் சுத்திக்கினு கெடக்கும். ஒசந்த மாடலா இருந்தா மெனக்கெட்டுத் தேடலாம். இது தெருவுக்குப் பத்து வித்த பொட்டி. வுட்டுடுங்க.”

“எலி தூக்கினு போயிருக்கும்,” என்றார் பாவாடை, யாரும் கேட்பதற்கு முன்பே.

மெக்கானிக் வண்டி தெருமுனை தாண்டியதும் அவர் கட்டிலில் மகாராஜா மாதிரி சாய்ந்தார். மடிக்குள்ளிருந்த ரப்பர் வீல் இடுப்பில் இதமாகக் குத்தியது. ராத்திரி அதைக் கழற்றியதில் ஒரு நகம் போனது. போகட்டும், கட்டில் தப்பியது.

“அப்ப, காயலாங்கடையில போட்டுடுடா.”

“இன்னாப்பா நீ! பார்க்க ஜோராக்கீது. தொடைச்சி, ஜன்னலோரத்துல ஷோவுக்கு வெச்சிட வேண்டியதுதான்.” இளவரசன் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கிக் கனம் பார்த்தான். “இதைக் கொல்லையில மோட்டார் கொட்டாய்ல போட்டுடறேன். அங்க காத்தும் ஜாஸ்தி.”

“ஓடாத பொட்டிக்காக நான் கொட்டாய்க்குப் போவணுமாடா?”

அவர் கை மடிக்குப் போனது. எடுத்து நீட்டினால் சொந்த வீட்டிலேயே திருடன். கை வெறுமனே திரும்பியது.

மணிமொழி அவர் பாயையும் தலையணையையும் சேர்த்துச் சுருட்டினாள். முகத்தில் நிஜமான வருத்தம்.

“அது ஓடியிருந்தா, பாட்டுப் போட நீங்க இங்கயே இருக்கணும்னு அவருகிட்ட சொல்லி வெச்சிருந்தேன் மாமா.”