நாலு கமா

"குப்பையைப் போய் யாராவது சேர்த்து வைப்பாங்களா?"

"குப்பைன்னு நீ எப்படி…"

"உள்ளே ஒண்ணுமே இல்லைங்க! வெறும் காலி! காலியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"…முடிவு பண்ணினே? என்னைக் கொஞ்சம் பேச விடேன், தாயே!"

கட்டிலுக்கு இந்தப் பக்கம், குப்பை என்று சாதிக்கும் மகள், மடியில் மடிக்கணினி. அந்தப் பக்கம் அவள் கணவன். நடுவில், பேச்சு நின்றுபோன அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பக்கவாதம் அவர் கைகளில் மிச்சம் வைத்தது ஒரே ஒரு விரலை.

அந்த விரலை நம்பித்தான் மகள் ஒரு புரோகிராம் எழுதினாள். அவர் விசைப்பலகையில் தட்டுவதை ஒரே நீள எழுத்துச் சரமாக வாங்கிக்கொள்ளும். கமா விழுந்த இடத்தில் எல்லாம் வெட்டும். வெட்டிய துண்டுகளைச் சொல் சொல்லாக வாய்விட்டுச் சொல்லும். இடைவெளி விடுகிற அகலக் கட்டையில் அவர் உள்ளங்கை பட்டுக்கொண்டே இருந்ததால், சொல்லைப் பிரிக்கக் கமாவைப் பிடித்தாள்.

சில இடங்களில் கமா அடுத்தடுத்து விழுந்தது. இரண்டு கமாவுக்கு நடுவே வெட்டினால் காலித் துண்டுதானே வரும்? பாவம், கை நடுக்கம் என்று அவற்றைத் தூக்கி எறியும்படி எழுதிவிட்டாள்.

முதல் நாள் தண்ணீர் கேட்டார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அவள் உள்ளங்கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். அப்பா மெனக்கெட்டு ஒரு வரி தட்டினார்.

"டாக்டர் கைராசிக்காரர் நான் இன்னும் உயிரோட இருக்கேன்" என்று இயந்திரம் ஒரே மூச்சில் ஒப்பித்தது. ரொம்ப சந்தோஷம் என்று தலையாட்டிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அப்போது விரலால் பலகையைத் தள்ளிவிட்டவர்தான். அதற்குப் பிறகு தண்ணீருக்குக்கூடத் தொடவில்லை. இனி தொடவே மாட்டாரோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"கை நடுங்கினா எல்லா எழுத்தும்தானே ரெண்டு ரெண்டா விழணும்?" கணவன் விடுவதாக இல்லை. "மாமா ஒரு எழுத்தைக்கூடத் தப்பாத் தட்டலை. கமா மட்டும்தான். அதுவும் 'கைராசிக்காரர்'ன்னு முடிச்ச உடனே, சேர்ந்தாப்புல நாலு."

அவள் புரோகிராமைத் திறந்தாள்.

எறியச் சொன்ன வரியை அழித்தாள். காலி வந்தால் கொஞ்ச நேரம் சும்மா இரு என்று எழுதினாள். அப்பா அன்று தட்டிய வரியை மறுபடி ஓடவிட்டாள்.

"டாக்டர் கைராசிக்காரர்."

இயந்திரம் வாயை மூடிக்கொண்டது. நின்றே போய்விட்டதோ என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"நான் இன்னும் உயிரோட இருக்கேன்."

கணவன் குபீரென்று சிரித்தான். அவளோ கணினியைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள். அந்தக் குரல் இயந்திரத்துடையதுதான். ஆனால் அந்த நிறுத்தம், சாப்பாட்டு மேசையில் பாதி சொல்லி நிறுத்தி, எல்லோரையும் நம்பவைத்துவிட்டு மீதியைச் சொல்வாரே, அந்த அப்பாவுடையது.

போர்வை சரசரத்தது. அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். விரல் பலகையைத் தேடியது.

எழுத்து எழுத்தாகத் தட்டினார். இருவரும் காத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை ரொம்பப் புத்திசாலி."

கணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கேட்டுக்கொள் என்பதுபோல் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

இயந்திரம் சும்மா இருந்தது. இன்னும் சும்மா இருந்தது.

"உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு மட்டும் கொஞ்சம் அசந்துட்டார்."