வூபோ என்று பேர் வந்த கதை

"சார், கடைசி வரிசையில ஒரு பெரியவர், நம்ம கம்பெனிக்கே தன் பேரைத்தான் வெச்சிருக்குன்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் பிடிச்சு அளந்துக்கிட்டு இருக்காரு. வெளியே அனுப்பிடட்டுமா?"

உதவியாளர் ஷானா கேட்டதும் கிரெய்க் மேடைத் திரை இடுக்கு வழியாக அரங்கைப் பார்த்தான். பகீரென்றது.

கோர்டி! அம்மாவின் இரண்டாவது கணவர். பனியில் சிக்கிய கார்களை இழுக்கும் லாரி ஓட்டியே அவனைப் படிக்க வைத்தவர். டோனட் கடைச் சேக்காளிகள் நாலு பேரையும் வேறு கூட்டி வந்திருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும், விடு," என்றான். யாரென்று சொல்ல வாய் வரவில்லை.

சின்ன வயதில், "உன்னை அப்பான்னு கூப்பிட மாட்டேன், போ!" என்று முறுக்கிக்கொண்டவன், தானே ஒரு வார்த்தையை உண்டாக்கி அவரை 'வூபோ' என்று கூப்பிட்டான். அர்த்தமெல்லாம் கிடையாது. அவர்தான் அர்த்தம். கார்களுக்கு வழி காட்டும் கருவி செய்து, கம்பெனிக்கு அதே பேரை வைத்தபோது கோர்டி போனிலேயே அழுதுவிட்டார்.

ஆனால் பணம் போட வந்தவர்கள், "என்னப்பா இது, குழந்தைப் பேச்சு?" என்று சிரித்தார்கள். அன்றைக்கே கிரெய்க் கதையை மாற்றிவிட்டான்.

கிரெய்க் மேடை ஏறியதும் பெண் நிருபர் ஒருத்தி கேட்டாள்: "வூபோங்கிற பேரு எங்கேருந்து வந்துச்சு?"

கோர்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த நண்பர் மெர்வைத் தட்டி, "இப்பக் கேளு!" என்றார்.

முன்வரிசை முழுக்கப் பணம் போட்டவர்கள். கிரெய்கின் நாக்கு பழகின பொய்யையே சொல்லிற்று.

"பழைய நார்வே மொழியில வழித்துணைன்னு அர்த்தங்க."

ஒரே கைதட்டல். சேக்காளிகள் நாலு பேரும் கோர்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று கிரெய்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் ஓடினான். காப்பி மேஜையருகே மெர்வ் கோர்டியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்: "இத்தனை வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்கியேய்யா!"

கோர்டி கடகடவென்று சிரித்தார். "பின்னே? லாரிக்காரன் பேரைப் போய் எவனாவது கம்பெனிக்கு வைப்பானா? சும்மா பீலா விட்டேன். மடப்பசங்களா, நம்பிட்டீங்க!"

கிரெய்க் நேராகக் கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வூபோ, நான்..."

"ஷ்!" கோர்டி சட்டென்று அவன் காதோரம் குனிந்தார். "அப்படிக் கூப்பிடாதடா. பணம் போட்டவங்க உன் பின்னாலதான் நிக்கிறாங்க."