உள்ள ஒரு மெயில், வெளிய ஒரு மெயில்

வீட்ல இருந்து வேலை பாக்குற தமயந்தியோட லேப்டாப்புல, லீவு கேக்குற மெயில் ஒண்ணு கிளம்ப முடியாம நின்னுச்சு. நாளைக்கு அவ மகளுக்குக் காதுகுத்து.

“விபிஎன் அண்ணே, கதவைத் திறங்க. மேனேஜர் கிளம்பிடுவாரு”ன்னு கெஞ்சுச்சு மெயில்.

ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போற வாசல்ல காவலுக்கு நின்ன விபிஎன் கையை விரிச்சுது. “பாஸ்வேர்டு காலாவதி ஆயிடுச்சு தங்கச்சி. நான் என்ன செய்ய?”

ஆபீஸ் பக்கத்துலேருந்து யாரோ தட்டுனாங்க.

“யாருப்பா?”

“ஹெல்ப்டெஸ்க் அனுப்புன மெயிலுங்க. தமயந்தி மேடத்தோட புதுப் பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்கு. உள்ள விடுங்க.”

“பாஸ்வேர்டு போடாம எப்படிய்யா விடுறது?”

லீவு மெயில் விசும்ப ஆரம்பிச்சுது. விபிஎன்னுக்கு மனசு கேக்கல.

“அழாத தங்கச்சி. உனக்காக ஹெல்ப்டெஸ்குக்கு அவசரம்னு இப்பத்தான் எழுதிப் போட்டேன்.”

“எதுலண்ணே போட்டீங்க?”

“மெயில்லதான். உனக்குப் பின்னாடி நிக்குது பாரு.”