ஊறவைத்த பந்து

கணவருக்குத் தலையில் அடி பட்டதே இல்லை என்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"வண்டியில இருந்து விழுந்தது? பாத்ரூம்ல வழுக்குனது?" டாக்டர் விடவில்லை. மகள் வயதுப் பெண்.

"இல்லம்மா. குடிச்சிட்டு வுழுற பழக்கம்கூட கெடயாது."

பக்கத்து நாற்காலியில் அவர் சிரித்தார். "ரெஃப்ரி கடுப்பா கீறாங்க. கார்டு எடுத்துருவாங்க. கம்முனு இரு அக்கா."

எட்டு மாதமாக அவள் அவருக்கு அக்கா. நாற்பத்தெட்டு வருடம் கூப்பிட்ட பெயர் அவர் வாயில் வருவதில்லை.

டாக்டர் எழுந்து வந்து அவர் நெற்றியைப் பார்த்தார். புருவத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு.

"இது?"

"அது லேஸு கிழிச்சது." அவள் குரலில் பெருமை வந்துவிட்டது. "அப்பல்லாம் ஃபுட்பாலுக்கு ஷூ மாதிரி லேஸ் இருக்கும். மண்டை எத்திராஜுன்னு வியாசர்பாடில கேட்டுப் பாருங்க. பாதி கோலு தலையாலதான்."

டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

எத்தனை வருடம் ஆடினார். பயிற்சியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை முட்டுவார். தோல் பந்தா. மழையில் தண்ணீர் குடிக்குமா.

கடைசிக் கேள்விக்கு அவள் அவர் நெற்றிக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த மறதி இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "ஆனா, இருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்து அவருடைய பழைய பந்தை இறக்கினாள். பதினெட்டுத் தோல் பட்டைகள். ஒரு லேஸ். கிளப் பொன்விழாவில் உள்ளே புது ரப்பர் பிளாடர் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தது.

அவள் இட்லி மாவு விற்பவள். மாவு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் பந்தை வைத்தாள்.

நானூற்று முப்பது கிராம்.

வாளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் குழவியை ஏற்றினாள். பந்து உள்ளே போனது.

கை எதையும் மறந்திருக்கவில்லை.

அப்போதெல்லாம் ஐப்பசியில் லீக் நடக்கும். மைதானம் சேறாகிவிடும். பெரிய கிளப்புகளில் தோலுக்குக் கொழுப்பு தடவிவைப்பார்கள். எங்கள் தலை அதைவிடக் கெட்டி என்று அவருடைய கிளப்பில் சொல்லிக்கொண்டார்கள்.

மழைப் பந்துக்கு முன்கூட்டியே தலை பழகிக்கொள்ள வேண்டும். அது அவள் யோசனை.

முந்தின நாளே ஊறவைப்பாள். காலையில் வாசலில் நின்று தூக்கிப் போடுவாள். அவர் முட்டுவார். எண்ணுவதும் அவள்தான். நூறு.

சில நாள் தொண்ணூறில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"இன்னும் பத்துதான்," என்பாள்.

அவர் எழுந்துவிடுவார். அந்த வருடம் கோப்பை வந்தது. அதனால் அடுத்த வருடமும் ஊறவைத்தாள்.

சாயங்காலம் குழவியை எடுத்தாள். பந்தின் மேல் ஈரத்தைத் துண்டால் துடைத்தாள். தராசில் வைத்தாள்.

அறுநூற்றுத் தொண்ணூறு.

தராசு தப்பு. ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். ஆயிரம் என்றது. மறுபடி பந்தை வைத்தாள்.

அறுநூற்றுத் தொண்ணூறு.

ஆறு ஐப்பசி. தினம் நூறு. அவள் பெருக்கிப் பார்க்கவில்லை. தராசை அணைத்தாள். எண் போனது. பந்து அங்கேயே இருந்தது.

அதைத் தூக்கிப் போய் எங்காவது எறிய வேண்டும். இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அவர் அங்கே நின்றிருந்தார்.

பந்தைப் பார்த்தார். முழங்கால் லேசாக மடங்கியது. இடுப்பு பின்னால் வளைந்தது. கழுத்து விறைத்தது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் காலையில் அழுத மனிதர்.



அவள் குனிந்து, பந்தைத் தரையோடு உருட்டிவிட்டாள். சிமெண்டில் ஈரமாக ஒரு கோடு. அவர் காலில் இடித்து நின்றது.

அவர் அதை எடுத்தார். நடந்து வந்து அவள் கையில் திரும்ப வைத்தார். போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

"இன்னா பாக்குற? மேல போடு தனம்," என்றார். "இன்னும் பத்துதானே."