ஐம்பது குண்டும் ஒரு மீசையும்

"இந்தப் பொம்மை ஐம்பது குண்டு நிக்காம சுட்டுச்சுன்னா, என் மீசையை எடுத்துடறேன்," என்றார் கர்னல் நீடெகர்.

சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்து ராணுவத் திடலில் கூடியிருந்த சோதனைக் குழுவில் யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருடக் குதிரைப்படை மீசை அது. காதுவரை போய்த் திரும்பி வரும்.

பழைய ரிவால்வரைத் தலைமுழுகிவிட்டு, தானே குண்டேற்றிக்கொள்ளும் புதுக் கைத்துப்பாக்கியை வாங்கலாமா என்று சுவிஸ் ராணுவம் யோசித்துக்கொண்டிருந்தது. கர்னலுக்கு அது பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் துப்பாக்கியே செய்துகொண்டால் சிப்பாய் எதற்கு, கர்னல்தான் எதற்கு என்பது அவர் கட்சி.

துப்பாக்கியைச் செய்த கூப்லர், மேசையில் பச்சைத் துணி விரித்து அதைப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்தார். நடுநடுவே கொட்டாவி விட்டார்.

"மன்னிக்கணும் கர்னல் ஐயா. காலையில காப்பி குடிக்கல."

"பயத்துல தொண்டையில இறங்கியிருக்காது."

போன மாதச் சோதனையில் இதே துப்பாக்கி மூன்றாவது குண்டிலேயே மக்கர் செய்திருந்தது. ஏன் என்று கர்னல் ஒருவருக்குத்தான் தெரியும். பாகங்களைப் பார்வையிடும் சாக்கில் ஒரு குட்டிச் சுருள்வில்லை அவர்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூப்லர் பதற்றத்தில் கவனிக்காமல் பூட்டிவிட்டார். நாட்டின் நன்மைக்காகச் செய்த காரியம் என்பதால் கர்னலுக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

இன்றும் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது மேசை ஓரத்திலிருந்த பளபளப்பான திருகு அவர் பையில் இருந்தது.

கூப்லர் மளமளவென்று பூட்டிக் கொடுத்தார். துப்பாக்கியைச் சேற்றில் புரட்டினார்கள், மணலில் புதைத்தார்கள். பிறகு ஒரு சார்ஜன்ட் சுட ஆரம்பித்தார். ஐம்பது குண்டும் ஒழுங்காகப் போயின.

கர்னல் பையைத் தொட்டுப் பார்த்தார். திருகு பத்திரமாக இருந்தது. திருகு இல்லாமலேயே சுடுகிறதா? ஒரே மாதத்தில் இந்த ஆள் இப்படியொரு அதிசயத்தைச் செய்துவிட்டாரா? அந்த நிமிடமே அவர் கட்சி மாறிவிட்டார். சும்மா இல்லை, பக்தி வந்துவிட்டது.

"வாங்கிடுங்க," என்றார் குழுவிடம். "ஒரு பாகம் தொலைஞ்சாக்கூட இது சுடும். எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க. என் பேரையே பணயம் வைக்கிறேன்."

தயங்கியவர்களோடு தொண்டை வறள வாதாடி, முதல் கையெழுத்தையும் அவரே போட்டார். மீசை போனால் போகிறது என்று சவரக்காரரையும் அவரே கூப்பிட்டார்.

பாதி மீசை போயிருந்தபோது, விடைபெற்றுக்கொள்ள கூப்லர் வந்தார். சவரக்காரர் கத்தி தீட்ட அந்தப் பக்கம் திரும்பியதும், கர்னல் சவரத்துக்காகப் போர்த்தியிருந்த துண்டுக்கு அடியிலிருந்து திருகை எடுத்துக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"என்ன மூளைய்யா உமக்கு! இது இல்லாமலே சுட்டுடுச்சே. அப்ப இது எதுக்குத்தான் இருக்கு?"

"காப்பிக்கொட்டை அரைக்கிறதுக்குங்க ஐயா," என்றார் கூப்லர் பணிவாக. "எங்க வீட்டு மெஷின்லேருந்து கழட்டி, உங்க கைக்கு எட்டுற இடமாப் பாத்து வெச்சேன். அதையும் அந்தப் போன மாசத்துச் சுருள்வில்லையும் குடுத்துட்டீங்கன்னா, வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடிப்பேன்."